பேஸ்மேக்கர் வைக்கும் இடத்தைப் பெண்கள் கேட்டு வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. இரண்டு முறை மயங்கி விழுந்த பிறகு 'கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்' (இதயத்தின் மேலறைத் துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேராத நிலை) என்று கண்டுபிடித்து, இரண்டு லீட் (கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர்) உள்ள பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஒல்லியான உடம்பு. வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தழும்பு எங்கே வரும், மேலே புடைத்துக்கொண்டு தெரியுமா என்று கேட்டேன். "உயிர் முக்கியமா, அழகு முக்கியமா?" என்றார் டாக்டர். அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. வெளியே தெரியாமல் வைக்க வழி இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது. நான்கைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாம் உங்களுக்குப் பொருந்தாது, ஒன்றிரண்டு பொருந்தும். ஆனால் அதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே பேசி முடிவு செய்தாக வேண்டும். கேத் லேப் (இதயக் கருவி வைக்கும் அறை) மேஜையில் படுத்து, முகத்துக்கு மேல் பச்சைத் துணி போர்த்திய பிறகு பேச முடியாது.

நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு மருத்துவமனையில் 18 வருஷமாக பேஸ்மேக்கர், ஐசிடி (அதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சரிசெய்யும் கருவி) பரிசோதிக்கும் டெக்னீஷியனாக இருக்கிறேன். கருவியை உள்ளே வைப்பவர் அந்த இடத்தை ஒரு மணி நேரம் பார்ப்பார், தையல் ஆறும்போது இன்னொரு முறை பார்ப்பார். அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தரம், வருஷத்துக்கு ஒரு தரம் என்று பார்த்துக்கொண்டே இருப்பது என்னைப் போன்றவர்கள்தான். ஜாக்கெட்டின் மேல் கொக்கியை மட்டும் கழற்றிவிட்டு, மற்றதை முந்தானையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்காரும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "இந்தக் கோட்டை ரெண்டு விரக்கடை தள்ளிப் போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. பல பேருக்குப் போட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் டாக்டர் சொன்னதற்கு வருகிறேன். உயிர் முக்கியம் என்பதில் சந்தேகமே இல்லை. கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்கில் மயங்கி விழுந்தவர் ஆபரேஷனைத் தள்ளிப் போடவே கூடாது. ஆனால் இங்கே உயிருக்கும் அழகுக்கும் போட்டி எதுவும் கிடையாது. அதே கருவி, அதே லீட், இதயத்துக்குள் அதே இடம். மாறுவது, தோலில் கத்தி எங்கே விழுகிறது, கருவி எந்த அடுக்கில் உட்காருகிறது என்பது மட்டும். ஒல்லியான உடம்பில் இந்த இரண்டும் வெறும் அழகு சார்ந்த விஷயமும் இல்லை. தோலுக்கு நேர் கீழே கருவி துருத்திக்கொண்டிருந்தால், வருஷக்கணக்கில் உரசி உரசித் தோல் மெலிந்து, கடைசியில் ஓட்டை விழலாம். ஓட்டை விழுந்துவிட்டால் அது கிருமித் தொற்றுதான். கருவியையும் லீடுகளையும் மொத்தமாக வெளியே எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே "எனக்குத் தோல் மெல்லிசு, புடைத்துக்கொண்டு நிற்குமா?" என்று கேட்டால், நீங்கள் கேட்பது மருத்துவக் கேள்வி.

ஏன் எல்லோருக்கும் இடது காறை எலும்புக்குக் கீழேயே வைக்கிறார்கள்? பழக்கம் பாதி, வசதி பாதி. இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அங்கேதான் தோலுக்கு அருகில் ஓடுகிறது. பெரும்பாலானவர்கள் வலது கைக்காரர்கள் என்பதால் இடப்பக்கம் தோது. மற்றபடி அந்த இடத்துக்குத் தனி மகிமை கிடையாது. 1958இல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகிலேயே முதன்முதலாக முழுவதும் உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தபோது வயிற்றுப் பகுதியில்தான் வைத்தார்கள். ஷூ பாலிஷ் டப்பாவையே அச்சாக வைத்து வார்த்த கருவி அது. ஐசிடி முதன்முதலில் 1980இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வைக்கப்பட்டது ஒரு பெண்ணுக்கு. அவருக்கும் வயிற்றில்தான். கருவி சின்னதாகச் சின்னதாக மேலே ஏறி மார்புக்கு வந்தது. இன்றைய பேஸ்மேக்கர் 20 முதல் 30 கிராம்தான் இருக்கும். தடிமன் 6 முதல் 8 மில்லிமீட்டர். ஐசிடி அதைவிட இரண்டு மூன்று மடங்கு கனம்.

சரி, வெளியே தெரிவது என்றால் என்னென்ன தெரியும்? மூன்று விஷயங்கள். அவற்றைத் தனித்தனியாக யோசித்தால்தான் டாக்டரிடம் தெளிவாகக் கேட்க முடியும். ஒன்று, வெட்டிய கோடு. பேஸ்மேக்கருக்கு நாலைந்து சென்டிமீட்டர் இருக்கும். இரண்டு, கருவியின் புடைப்பு. மூன்று, சுருட்டி வைத்த லீட் தோலுக்கடியில் நரம்பு போல எழும்பித் தெரிவது. மிக ஒல்லியானவர்களுக்கு மட்டும் இது நடக்கும். கோட்டுக்கு மருந்து வேறு, புடைப்புக்கு மருந்து வேறு.

கோட்டை எடுத்துக்கொள்வோம். காறை எலும்புக்கு இணையாக, நெஞ்சின் நடுப்பக்கம் நெருங்கிப் படுக்கைவாட்டில் போட்டால், அகலக் கழுத்து ஜாக்கெட்டில் பளிச்சென்று தெரியும். அதையே தோளும் மார்பும் சேரும் பள்ளத்தில், அக்குளை நோக்கிச் சாய்வாகப் போட்டால் ஜாக்கெட்டின் கைப்பட்டிக்குள் மறைந்துவிடும். இன்னும் தள்ளி, அக்குளின் முன் மடிப்பை ஒட்டியே போடலாம். கையைத் தூக்கினால்தான் தெரியும். இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ரத்தக்குழாயைக் காறை எலும்புக்கு அடியில் குத்திப் பிடிக்கும் பழைய முறைக்கு உள்பக்கக் கோடு வசதி. இப்போது அக்குள் பக்கத்துச் சிரையையோ (அக்சிலரி வெயின்), தோள் பள்ளத்தில் ஓடும் செபாலிக் சிரையையோ பயன்படுத்துவதுதான் நல்லது என்று 2021இல் ஐரோப்பிய இதயத்துடிப்பு நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. அதற்குக் காரணம் வேறு: நுரையீரலில் ஊசி பட்டுக் காற்றுக் கசிவதும், எலும்பிடுக்கில் நசுங்கி லீட் முறிவதும் குறையும். பெண்களுக்குக் காற்றுக் கசிவு ஆபத்து ஆண்களைவிட அதிகம் என்பதால் உங்களுக்கு இதில் இரட்டை லாபம். "அக்சிலரி வெயின் வழியாகப் போவீர்களா, கோட்டைக் கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளிப் போட முடியுமா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி தீர்ந்துவிடும்.

தையலும் முக்கியம். தோலுக்கு உள்ளேயே ஓடி, தானாகக் கரைந்துவிடும் தையல் போட்டால் ஒற்றைக் கோடு மட்டும் மிஞ்சும். வெளியே குத்திக் குத்திப் போட்டாலோ ஸ்டேப்பிள் அடித்தாலோ, கோட்டின் இரு பக்கமும் ரயில் தண்டவாளக் கட்டை மாதிரி புள்ளிகள் நிற்கும். பெரும்பாலான இடங்களில் இப்போது கரையும் தையல்தான், இருந்தாலும் கேட்டு வையுங்கள்.

இனி, நான் யாரிடம் பேசினாலும் சொல்வது: தையல்காரரிடம் கொடுப்பீர்களே அந்த அளவு ஜாக்கெட், அதை மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். வழக்கமாகப் போடும் பிராவும் அதுவும் போட்டுக்கொண்டு, நேராக நின்று, டாக்டரையோ கேத் லேப் நர்ஸையோ பேனாவால் குறி வைக்கச் சொல்லுங்கள். பிரா பட்டை எங்கே போகிறது, கழுத்து எதுவரை இறங்குகிறது, முந்தானைப் பின் எங்கே குத்துவீர்கள், எல்லாவற்றையும் பார்த்துக் குறிக்கட்டும். நின்றுகொண்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். மேஜையில் மல்லாந்து படுத்தால் மார்பகம் பக்கவாட்டில் சரிந்து, மேல் நெஞ்சு தட்டையாகிவிடும். அந்த நிலையில் "இங்கே சரியாக இருக்கிறது" என்று வைத்த கருவி, எழுந்து நின்றால் இரண்டு விரல் கீழே வந்து நிற்கும். கனமான மார்பகம் உள்ளவர்களுக்கு இந்த இழுப்பு லீட் வரைக்கும் போகும். படுக்கையில் எடுத்த எக்ஸ்ரேயில் லீட் அழகாகத் தொய்வோடு இருக்கும், நின்று எடுத்தால் இழுத்துப் பிடித்த கயிறு மாதிரி ஆகியிருக்கும். அதனால் லீட் நகர்ந்து மறுபடி கேத் லேப் போனவர்கள் உண்டு. கருவியைத் தசை உறையோடு சேர்த்து நல்ல தையலால் கட்டி வைப்பதும், லீடுக்குக் கொஞ்சம் கூடுதல் தொய்வு விடுவதும் இதற்காகத்தான்.

பிரா பட்டை சின்ன விஷயம் என்று நினைப்பார்கள். ஒருவருக்குப் பட்டை நேராகக் கருவியின் மேல் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. முதல் ஆறு மாதம் வலி என்று யாரும் நம்பவில்லை. நான் பார்த்தபோது அந்த இடத்தில் தோல் சிவந்து மினுமினுப்பாக இருந்தது. பட்டையைப் பஞ்சு வைத்து அகலமாக்கி, இடம் மாற்றிப் போட்டுத் தப்பித்தார். ஆபரேஷனுக்கு முன் ஒரு நிமிஷம் பேனாவால் கோடு போட்டிருந்தால் அது நடந்தே இருக்காது. தோள்பை, கைக்குழந்தையின் தலை, கார் சீட் பெல்ட் எல்லாமே இதில் சேர்த்தி. நம் ஊர்க் காரில் ஓட்டுநருக்குப் பெல்ட் வலது தோளில் வரும், பக்கத்து சீட்டில் உட்காருபவருக்கு இடது தோளில் வரும். நீங்களே ஓட்டுபவரா, உட்கார்ந்து போகிறவரா என்பதைக்கூட எந்தப் பக்கம் வைப்பது என்ற பேச்சில் சேர்க்கலாம். புடவைக்காரர்களுக்கு இடப்பக்கத்தில் ஒரு சௌகரியம்: முந்தானையே மூடிவிடும். ஆனால் பட்டுப் புடவை முந்தானையின் கனமும் பின்னும் அதே தோளில்தான்.

அடுத்தது புடைப்பு. ஒல்லியான உடம்பு என்கிறீர்கள், ஆகையால் உங்களுக்கு இதுதான் முதல் பிரச்சினை. வழக்கமாகக் கருவியைத் தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, மார்புத் தசையின் உறைக்கு மேலே வைப்பார்கள். கொழுப்பு இருக்கிறவர்களுக்கு அதுவே போதும், ஆறு மாதத்தில் தடவினால்தான் தெரியும். கொழுப்பே இல்லாதவர்களுக்குத் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்ட மாதிரி விளிம்பு தெரியும். இவர்களுக்கு மார்புத் தசைக்கு அடியில் வைக்கலாம். தசை நார்களை வெட்டாமல் பிரித்து உள்ளே ஒரு பை செய்து வைத்துவிடுவார்கள். அங்கே போனால் விளிம்பு மழுங்கி, இரண்டு தோளுக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, தோல் மெலிந்து ஓட்டை விழும் பயமும் குறையும். பதிலுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் வலி கூட இருக்கும், ரத்தம் கசிந்து வீங்கும் வாய்ப்பும் கொஞ்சம் கூடும். பேட்டரி மாற்றும்போதும் சற்று ஆழமாகப் போக வேண்டிவரும். என்னைக் கேட்டால், வெளிப்பக்கம் தள்ளிய சாய்ந்த கோடு, தசைக்கு அடியில் பை, கரையும் தையல், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் உங்களைப் போன்ற ஒருவருக்கு முதலில் பேசிப் பார்க்க வேண்டிய வழி. இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. கை பழகிய டாக்டர் இருந்தால் போதும்.

மார்பகத்துக்கு அடியில் வைப்பதைப் பற்றி நெட்டில் நிறையப் படித்திருப்பீர்கள். மார்பகத்தின் கீழ் மடிப்பிலோ அக்குள் ஓரத்திலோ வெட்டி, மார்பகத்துக்குப் பின்னால் கருவியை வைத்து, லீடை மேலிருந்து தோலுக்கடியில் சுரங்கம் போல் இழுத்து வந்து இணைப்பார்கள். முன்னால் இருந்து பார்த்தால் கருவி இருப்பதே தெரியாது. மேலே ஒரு சின்னக் குத்துத் தழும்பு மட்டும் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நல்லபடியாகச் செய்து, பத்து வருஷம் கழித்தும் சந்தோஷமாக இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இதன் விலையையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜன் கூட நிற்க வேண்டும். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பார்கள். நேரமும் கூடும். வழக்கமான 52, 58 சென்டிமீட்டர் லீடுகள் சில உடம்புக்கு எட்டாது, நீளமானதை முன்கூட்டியே வரவழைக்க வேண்டும். மார்பகம் அசையும்போதெல்லாம் சுரங்கத்தில் இருக்கும் லீடும் அசையும், நாளடைவில் அது லீடுக்கு நல்லதில்லை. காப்பீட்டில் செய்கிறீர்கள் என்றால் பிளாஸ்டிக் சர்ஜன் கட்டணம் அதில் அடங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது பேட்டரி. உங்களுக்கு 26 வயது. முழு நேரமும் துடிப்புக் கொடுக்கும் கருவியில் பேட்டரி பத்துப் பன்னிரண்டு வருஷம் வரும் என்று வைத்துக்கொண்டாலும், 75 வயதுக்குள் நான்கு முறையாவது அதே இடத்தைத் திறக்க வேண்டும். முதல் முறை வைத்த டாக்டர் அப்போது இருப்பார் என்று சொல்ல முடியாது. நீங்களே வேறு ஊரில் இருக்கலாம். காறை எலும்புக்குக் கீழே இருக்கும் கருவியை எந்த ஊரிலும் மாற்றிவிடுவார்கள். மார்பகத்துக்கு அடியில் இருப்பதைப் பார்த்தால், "எங்கே வைத்தார்களோ அங்கேயே போங்கள்" என்று திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு. பேட்டரி மாற்றும்போது கிருமித் தொற்று அபாயம் முதல் தடவையைவிட அதிகம் என்பதையும் கணக்கில் வையுங்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, செய்து பழகிய குழு ஒன்று கிடைத்து, உங்களுக்கும் அதுதான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம். அக்கம்பக்கத்துக்குப் பயந்து செய்யாதீர்கள்.

லீட் இல்லாத பேஸ்மேக்கர் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். மைக்ரா என்ற கருவிக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கேப்ஸ்யூல் மாத்திரை அளவுதான்: நீளம் 26 மில்லிமீட்டர், எடை இரண்டு கிராம்கூட வராது. தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாகக் கொண்டுபோய் இதயத்துக்குள்ளேயே பொருத்திவிடுவார்கள். நெஞ்சில் கோடும் இல்லை, புடைப்பும் இல்லை. அழகுக்கு இதைவிட வேறு பதில் கிடையாது. ஆனால் உங்களுக்குத் தேவை மேலறை, கீழறை இரண்டையும் ஒத்திசைத்துத் துடிக்க வைப்பது. அதற்கு இரண்டு கேப்ஸ்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏவியர் என்ற கருவி 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை சாதாரணக் கருவியைவிடப் பல மடங்கு. விலையை விட்டாலும், பேட்டரி தீர்ந்ததும் பழையதை வெளியே எடுக்க முடியுமா, அல்லது அதை உள்ளேயே விட்டுவிட்டு இன்னொன்று வைப்பதா என்ற கேள்வி 26 வயதில் மிகப் பெரிது. 75 வயதில் அந்தக் கேள்வியே எழாது. ஆகவே டாக்டர் இதை உங்களுக்கு மறுத்தால், அழகை அலட்சியம் செய்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடவே ஒன்று கேளுங்கள்: சாதாரணக் கருவியிலேயே இதயத்தின் இடது மின்பாதையில் லீடைப் பொருத்தும் புது முறை உங்களுக்கு ஏற்றதா என்று. வெளியே தெரிவதில் அதனால் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் ஐம்பது வருஷம் துடிக்கப் போகிற இதயத்துக்கு அது முக்கியமான கேள்வி.

ஐசிடி வைக்க வேண்டிய பெண்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. தோலுக்கடியில் மட்டும் ஓடும் எஸ்-ஐசிடி இடது அக்குளுக்குக் கீழே, விலாப் பக்கம் வைக்கப்படுகிறது. மேல் நெஞ்சு சுத்தமாக இருக்கும், ஆனால் கருவி கனமானது, 130 கிராமை ஒட்டி வரும். பிராவின் கீழ்ப்பட்டை சரியாக அதன் மேல் ஓடும். அங்கே உள்ள இரண்டு தசைகளுக்கு நடுவில் வைத்தால் புடைப்பு வெகுவாகக் குறைகிறது. இப்போது பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இந்தக் கருவி தொடர்ந்து துடிப்புக் கொடுக்காது என்பதால் ஹார்ட் பிளாக் உள்ள உங்களுக்கு அது பேச்சே இல்லை. வயதுக்கு வராத பெண் குழந்தைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: மார்பக மொட்டு இருக்கும் பகுதியில் கத்தி பட்டால் பின்னாளில் ஒரு பக்கம் சரியாக வளராமல் போகலாம். அவர்களுக்கு மார்பகத்துக்கு அடியில் வைக்கும் யோசனையே கூடாது.

தழும்பு தடித்துப் போவதைப் பற்றி யாரும் முன்னால் சொல்வதில்லை. நம் நிறத் தோலுக்குக் கீலாய்டு வரும் வாய்ப்பு வெள்ளைத் தோலைவிட அதிகம். தோளும் நெஞ்சும் அதற்குப் பேர்போன இடங்கள். உங்களுக்கு வருமா என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு வழி உண்டு. இடது புஜத்தில் சின்ன வயதில் போட்ட பிசிஜி தடுப்பூசித் தழும்பையும், காது குத்திய இடத்தையும் பாருங்கள். அங்கே கட்டி போலத் தடித்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தாலும் சொல்லுங்கள். கோடு எவ்வளவு இழுபடாத இடத்தில் விழுகிறதோ அவ்வளவு நல்லது. புண் முழுக்க மூடிய பிறகு, இரண்டு மூன்று வாரத்தில், சிலிகான் ஜெல் அல்லது சிலிகான் பட்டை ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் விடாமல் போடலாம். வெயில் பட்டால் தழும்பு கறுக்கும், மூடி வையுங்கள். அப்படியும் தடித்தால் தோல் டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்வார். அங்கேதான் நிறுத்துங்கள். அந்த ஊசிக்கு அரை அங்குலத்துக்குக் கீழே உங்கள் கருவி இருக்கிறது. ஊசி உள்ளே போனால் கிருமியும் போகும், லீடின் உறையும் கிழியும். கருவி டாக்டரும் தோல் டாக்டரும் ஒருவரோடொருவர் பேசாமல் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். வீக்கம் இருக்கிறதே என்று யாராவது ஊசியால் குத்தி நீரை எடுக்க வந்தாலும் இதையே சொல்லுங்கள்.

மஞ்சள் பூசாதீர்கள். வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒரு பாட்டி அன்பாகப் பூசிய மஞ்சளால் தையல் பிரிந்து சீழ் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மறுபக்கம் புதிதாக வைக்க வேண்டி வந்தது. அழகாக வைத்த கருவியை ஒரு தொற்று ஒரே வாரத்தில் இரண்டு பெரிய தழும்பாக மாற்றிவிடும். தோல் சிவந்தாலோ, மெலிந்து மினுமினுத்தாலோ, கருவியின் மூலை தெரிந்தாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள். "அடுத்த செக்கப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்காதீர்கள்.

முதல் மாதத்துக்கு உடை விஷயம்: முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி, முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட், பிரா. தலைவழியாகப் போடும் சுடிதாரும், கையைப் பின்னால் வளைத்து மாட்டும் கொக்கியும் நாலு முதல் ஆறு வாரம் வேண்டாம். தலையை யாராவது பின்னி விடட்டும். அதற்காகக் கையைத் தூளியில் போட்ட மாதிரி அசையாமல் வைத்துக்கொண்டும் இருக்காதீர்கள், தோள் இறுகிவிடும். தோள் உயரத்துக்குக் கீழே எல்லாம் அசைக்கலாம்.

செல்போனை ஜாக்கெட்டுக்குள் செருகும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். சில போன்களிலும், இயர்போன் டப்பாக்களிலும் பலமான காந்தம் இருக்கிறது. கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். புடவைக்கும் ஹிஜாபுக்கும் போடும் காந்தப் பின் இப்போது எல்லாக் கடையிலும் விற்கிறது, அது கூடவே கூடாது. சாதாரண ஊக்கு போதும். தாலிச் சங்கிலி, ஆரம் எல்லாம் தங்கம்தானே, ஒன்றும் செய்யாது. கொக்கியில் காந்தம் வைத்த கவரிங் நகையை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பின்னால் வரப்போகிற இரண்டு விஷயங்கள். பேஸ்மேக்கரோடு கர்ப்பம் தரிக்கலாம், இயல்பாகப் பிரசவிக்கலாம், தாய்ப்பால் கொடுக்கலாம். தசைக்கு அடியில் இருப்பதற்கும் பால் சுரப்பதற்கும் சம்பந்தமே இல்லை. கர்ப்பத்தில் மார்பு கனக்கும்போது லீட் இழுப்பு மாறலாம், அப்போது ஒரு தரம் பரிசோதித்துக்கொண்டால் போதும். நாற்பதுக்கு மேல் மேமோகிராம் எடுக்க வேண்டி வந்தால், கருவி இருக்கிறதென்று எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கருவி மறைக்கும் பகுதிக்குக் கூடுதல் கோணத்தில் படம் எடுப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன் செய்வார்கள். கருவி இருப்பதால் மேமோகிராமே வேண்டாம் என்று சொல்லித் தவிர்க்கும் பெண்களைப் பார்க்கிறேன், அது தப்பு.

உங்கள் டாக்டரிடம் மறுபடி எப்படிக் கேட்பது? கோபத்தோடு வேண்டாம். "சார், எனக்குக் கொழுப்பே இல்லை, மேலே வைத்தால் தோல் மெலிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தசைக்குக் கீழே வைப்பீர்களா? கோடு வெளிப்பக்கம் வருமா?" என்று கேளுங்கள். அநேகமாகப் பேச்சு மாறும். அப்படியும் எரிந்து விழுந்தால், ஓரிரண்டு நாளுக்குள் இன்னொருவரிடம் கருத்துக் கேட்கலாம். உங்கள் நிலையில் அதற்கு மேல் தாமதம் கூடாது, அதையும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் மானிட்டரோடு இருந்தபடியே கேளுங்கள். தற்காலிக பேஸ்மேக்கர் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த அவகாசமும் கிடையாது.

வரன் வீட்டாரிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேள்விக்குள் அது இருக்கிறது. சொல்லிவிடுங்கள். கருவி வெளியே தெரியாவிட்டாலும் பேஸ்மேக்கர் அடையாள அட்டை பர்ஸில் இருக்கும், வருஷா வருஷம் செக்கப் இருக்கும், மறைத்து வாழ முடியாது. சொன்ன பிறகு பின்வாங்கியவர்களையும் தெரியும், மாப்பிள்ளையே செக்கப்புக்குக் கூட வந்து, ஸ்கிரீனில் ஓடும் கோட்டைக் காட்டி "இது என்ன, அது என்ன" என்று என்னைத் துளைத்தெடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், கல்யாண ஜாக்கெட்டுக்கு இப்போதே அளவு கொடுத்துவிடாதீர்கள். ஆபரேஷன் வீக்கம் வடிந்து, கருவி தன் இடத்தில் படிய மூன்று மாதம் ஆகும். முதல் வாரம் கண்ணாடியில் பார்க்கும் புடைப்பு உங்கள் நிரந்தரப் புடைப்பு இல்லை. கோட்டின் நிறம் மங்க ஒரு வருஷம்கூட ஆகலாம். மூன்று மாதம் கழித்துத் தையல்காரரிடம் போகும்போது, பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுக்காமல், உடம்பில் புதிதாக அளவு எடுக்கச் சொல்லுங்கள். இடது தோளில் ஒரு நூல் விடச் சொல்லுங்கள்.